நெருப்பைக் கண்டால் ஒளியக் கூடாது: பள்ளிக் கல்வித்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும், தொடக்க வகுப்புகளுக்குப் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கும், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினருக்கும் வணக்கம்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது கூப்பிடுகிற பள்ளிகளுக்குப் போய், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம் வீட்டு நெருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் கைகால் பழகும்படி சொல்லித் தாருங்கள். அதற்கென்று ஜூலை 16-ஐ ஒட்டிய வாரத்தை ஒதுக்குங்கள்.

அந்தத் தேதியை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளை இழந்தோம். சத்துணவு சமைத்த இடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, மாடி வகுப்பறையில் இருந்த பிள்ளைகளின் தலைமேல் இறங்கியது. ஏறி இறங்க ஒடுங்கிய படிக்கட்டு ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தார்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்று கெடுபிடிகள் வந்தன. அந்த விபத்தை முன்வைத்துத் தொடுத்த பொதுநல வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்று பள்ளிகளில் சிவப்புத் தீயணைப்பான் தொங்குகிறது, மணல் வாளி இருக்கிறது. இவையெல்லாம் வேண்டியவை, யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இத்தனையும் பள்ளியின் மதிலுக்குள்ளே நின்றுவிட்டது. மாலை மணி அடித்ததும் பிள்ளை போய்ச் சேருகிற வீட்டில் சிலிண்டர் இருக்கிறது, குத்துவிளக்கு இருக்கிறது, கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள் புகைகிறது, வாசலில் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர் நிற்கிறது. எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகள் அந்த வீடுகளிலிருந்துதான் வந்தார்கள்.

தீத்தொண்டு வாரம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிபொருளும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டைக்கின் கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை அந்த வாரத்தைக் கடைப்பிடிக்கிறோம். அது அவர்களுடைய வாரமாகவே இருக்கட்டும். நம் பள்ளிகளுக்கோ அது ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும் முட்டிக்கொள்கிற நேரம். தீயணைப்பு வண்டி வந்து நின்றாலும் பார்க்கப் பாதிப் பிள்ளைகள் இருப்பதில்லை. தீபாவளிக்கு முன்பு தீயணைப்பு நிலையத்தார் பள்ளிகளுக்கு வந்து பட்டாசைப் பற்றிப் பேசுகிறார்கள். அது நல்ல பழக்கம், அவர்களுக்கு நன்றி. ஆனால் பட்டாசுக்கு வருஷத்தில் இரண்டு நாள். அடுப்புக்கு 365 நாள்.

ஜூலை 16 பள்ளி திறந்து, பிள்ளைகள் ஒரு நிலைக்கு வந்து, பாடம் ஓடத் தொடங்கியிருக்கும் நேரம். ஆடிமாதத் திருவிழா, தீபாவளி, கார்த்திகை என்று நெருப்போடு புழங்கும் காலம் இனித்தான் வரப்போகிறது. கும்பகோணத்தில் பெற்றோர் வருஷா வருஷம் அன்று தங்கள் பிள்ளைகளின் படங்களுக்கு மாலை போடுகிறார்கள். மாநிலத்தின் மற்றப் பிள்ளைகள் அதே வாரத்தில் தப்பிக்கக் கற்றுக்கொள்வதைவிடப் பொருத்தமான அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

என்ன சொல்லித் தருவது என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். பாடநூலில் பாதுகாப்புப் பற்றிய பாடம் இல்லாமல் இல்லை. தீப்பெட்டியைத் தொடாதே, அடுப்பருகே போகாதே, பட்டாசைக் கையில் பிடிக்காதே என்று எல்லாம் ‘தே’யில் முடிகிறது. வீட்டிலும் அப்படியே. அதிலும் நம் ஊரில் நெருப்பைத் தொட்ட பிள்ளைக்குச் சொல்லும் மிரட்டல் என்ன? “சூடு வெச்சிருவேன்.” நெருப்பால் சுட்டுவிடுவேன் என்று மிரட்டித்தான் நெருப்பிடமிருந்து பிள்ளையைத் தள்ளி வைக்கிறோம். அந்த மிரட்டல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை நான் கட்டில் கட்டிலாகப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பையன். தீபாவளிக்கு மறுநாள் காலை, தெருப் பிள்ளைகள் எல்லாம் செய்கிற வேலையைத்தான் அவனும் செய்தான். வெடிக்காமல் போன வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைச் செய்தித்தாளில் கொட்டி, குனிந்து பற்ற வைத்திருக்கிறான். குப்பென்று ஒரே பிழம்பு. வலது கை மணிக்கட்டுவரை, நெற்றி, புருவம். வீட்டுக்குப் போய் அவன் முதலில் செய்தது, முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து வெந்த கையை மூடிப் போட்டுக்கொண்டதுதான். பிறகு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டுத் தேடியபோதுதான் அம்மா பார்த்திருக்கிறார். எங்களிடம் கொண்டுவந்தபோது சட்டைத் துணி தோலோடு ஒட்டியிருந்தது. உப்புநீர் விட்டு விட்டு ஊறவைத்து அதைப் பிரித்தெடுத்தோம். வலியில் அலறிக்கொண்டே அவன் திரும்பத் திரும்பச் சொன்னது, “அப்பாகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்.”

பட்ட உடனே அந்தக் கையைக் குழாயடியில் காட்டியிருந்தால் காயம் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது. அவன் அம்மாவும் அப்பாவும் பொல்லாதவர்கள் இல்லை. பத்து நாளும் ராத்திரி பகல் பாராமல் கட்டிலடியிலேயே கிடந்தார்கள்.

வீட்டில் தீப்பிடித்தாலும் பிள்ளைகள் இதையேதான் செய்கிறார்கள். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், குளியலறையில் ஒளிந்துகொள்கிறார்கள். தீயணைப்பு வீரர்களைக் கேளுங்கள், பிள்ளைகளை முதலில் எங்கே தேடுவோம் என்று அவர்களே சொல்வார்கள். பள்ளிகளில் நான் தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான்: வீட்ல திரைச்சீலை பத்திக்கிச்சு, நீ மட்டும்தான் இருக்கே, என்ன செய்வே? “தண்ணி ஊத்துவேன்” என்பான் ஒருவன். “அம்மாவுக்கு போன் பண்ணுவேன்” என்பாள் ஒருத்தி. எந்தப் பள்ளிக்குப் போனாலும் கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் வந்துவிடுகிறது: “ஒளிஞ்சுக்குவேன்.” ஏன் கண்ணு? “அடிப்பாங்க.” மற்றப் பிள்ளைகள் யாரும் சிரிப்பதில்லை. அவர்களுக்கும் அது நியாயமான பதிலாகத்தான் படுகிறது.

ஆகவே பாடத்தின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: நெருப்பை யார் பற்ற வைத்திருந்தாலும் சரி, நீயே வைத்திருந்தாலும் சரி, உடனே வெளியே ஓடிவந்து பெரியவர்களிடம் சொல், உன்னை யாரும் அடிக்க மாட்டார்கள். இதைப் பிள்ளையிடம் சொன்னால் மட்டும் போதாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடமும் சொல்லி, அவர்கள் வாயாலேயே பிள்ளைக்கு அந்த வாக்கைக் கொடுக்க வைக்க வேண்டும். டீச்சர் சொன்னால் பிள்ளை கேட்கும். அப்பா சொன்னால்தான் நம்பும்.

அடுத்தது, ஓடுவது. அயல்நாட்டுப் பாடங்களைப் பார்த்து எழுதிய துண்டறிக்கைகளில் ‘ஜன்னல் வழியே வெளியேறு’ என்று போட்டிருக்கிறது. நம் வீட்டு ஜன்னலில் ஏது வழி? கம்பி போட்டு, வலை அடித்து வைத்திருக்கிறோம். நமக்கு வாசல் ஒன்றுதான் வழி. அந்த வாசலிலும் ராத்திரியில் மரக்கதவு, இரும்பு கிரில், வெளிக்கேட் என்று மூன்று பூட்டு. சாவிக்கொத்து அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கும், இல்லையென்றால் சாமிப் படத்துக்குப் பின்னால். உங்க வீட்டுச் சாவி ராத்திரியில எங்கே இருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டால் விழிக்கிறார்கள். கரண்ட் போய், புகை சூழ்ந்து, கண் எரியும்போது சாவியைத் தேட முடியாது. பூட்டுக்கு அருகிலேயே, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் ஓர் ஆணி அடித்து அதில் சாவியை மாட்டுங்கள் என்பதுதான் நான் பெற்றோருக்குச் சொல்வது. ஐந்து ரூபாய் ஆணி.

வாசலை மறிப்பது இன்னொன்று. இடமில்லாத வீடுகளில் இரண்டு சக்கர வாகனத்தை வாசற்படிக்கு உள்ளேயோ மாடிப்படிக்கு அடியிலோ நிறுத்துகிறோம். 2022 மார்ச் மாதம் வேலூரில், புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை ராத்திரி முழுக்க வீட்டில் சார்ஜ் போட்டிருந்தபோது தீப்பிடித்து, ஒரு தகப்பனும் பள்ளிக்கூடம் போகும் அவருடைய மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். செய்தித்தாளில் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் தெருக்களில் இப்போது வீட்டுக்கு வீடு அந்த வண்டி வந்துவிட்டது. வண்டியைக் குறை சொல்ல வரவில்லை. எல்லோரும் தூங்கும் நேரத்தில், வெளியேறும் வழியிலேயே சார்ஜ் போடக் கூடாது என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தால், அது அப்பாவுக்கும் சொல்லும். ஹெல்மெட் விஷயத்தில் பிள்ளைகள் அப்பாக்களைத் திருத்தியதை நாம் பார்த்திருக்கிறோமே.

நெருப்பைவிடப் புகைதான் முதலில் ஆளை வீழ்த்துகிறது. தூங்குகிறவர்களுக்கு மூக்கு வேலை செய்யாது. புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று நம்பிப் படுக்க முடியாது. புகை மேலே ஏறி நிற்பதால் தரையை ஒட்டித்தான் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பயனில்லை. நான் செய்வது இதுதான்: பெரிய பிள்ளைகள் இரண்டு பேரிடம் ஒரு பழைய சேலையைக் கொடுத்து, இடுப்பு உயரத்தில் விரித்துப் பிடிக்கச் சொல்வேன். அந்தச் சேலைதான் புகை. அதற்கு அடியில் முட்டியும் கையும் ஊன்றித் தவழ்ந்து வகுப்பறை வாசலை அடைய வேண்டும். முதுகு சேலையில் பட்டால் மறுபடி முதலிலிருந்து. பிள்ளைகளுக்கு விளையாட்டு, விடவே மாட்டார்கள். இரண்டாவது முறை கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வார்கள். வீட்டுக்குப் போய் அம்மா சேலையை எடுத்துத் தம்பிக்கும் சொல்லித் தருவார்கள்.

சட்டையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நில், படு, உருள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தரையில் புரள வேண்டும். உடம்பு ஓடு ஓடு என்று சொல்லும். ஓட ஓடக் காற்றுப் பட்டுத் தீ மேலே ஏறும். ஆகவே இதையும் பாயைப் போட்டு உருட்டிப் பழக்க வேண்டும், படத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கார்த்திகைக்கு அகல் வரிசையின் நடுவே பட்டுப்பாவாடை சரசரக்க நடக்கும் பெண்பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அதிலும் இப்போது பட்டு என்ற பெயரில் பாலியெஸ்டர் துணிதான் நிறைய. அது எரிந்தால் சாம்பலாக உதிராது. உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விளக்கேற்றும் நாளில் பருத்தி உடை போடச் சொல்லி ஒரு வரி பள்ளி நாட்குறிப்பில் வந்தால் போதும்.

கேஸ் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரியர்களே இதில் குழம்புகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படர்ந்து, மூலையில், கட்டிலுக்கு அடியில் தேங்கி நிற்கும். புகைக்குத் தரையை ஒட்டித் தவழச் சொன்னோம். கேஸ் நாற்றம் வந்தாலோ தவழவே கூடாது, நிமிர்ந்து நடந்து வெளியே போக வேண்டும். இரண்டையும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்துச் சொன்னால் பிள்ளை மாற்றிப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் புகை, இன்னொரு நாள் கேஸ் என்று பிரித்துச் சொல்லுங்கள். கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டான் என்ற நாறும் பொருளைக் கலக்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும், மறக்க மாட்டார்கள். அந்த நாற்றம் வந்தால் ஸ்விட்சைப் போடக் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. அந்த ஒரு பொறி போதும். வெளியே போய்ப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். கதவு ஜன்னலைத் திறப்பதும் ரெகுலேட்டரை மூடுவதும் பெரியவர்கள் வேலை. கசிவைச் சொல்ல 1906 என்ற எண் இருக்கிறது. அது நம் வீடுகளில் சிலிண்டர் புத்தகத்தின் அட்டையோடு சரி, யார் மனதிலும் இல்லை.

நான்காம் வகுப்புக்கு மேல் ஒரு வீட்டுப்பாடம் தரலாம். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலாண்டோடு சிலிண்டரின் சோதனைக் கெடு முடிகிறது. பி 28 என்றிருந்தால் 2028 ஜூன் வரை. அப்படியே ரப்பர் குழாயில் அச்சடித்திருக்கும் ஆண்டையும் பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய குழாய் அது. ஒரு பள்ளியில் இந்த வீட்டுப்பாடத்தைச் செய்துவந்த சிறுமி ஒருத்தி, “எங்க டியூபுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி சிஸ்டர்” என்றாள். மறுவாரம் அவள் அம்மா புதுக் குழாய் வாங்கிவிட்டார். கழித்தல் கணக்குப் போட இதைவிட நல்ல பயிற்சி உண்டா?

இங்கே ஒரு விஷயத்தை நாம் மனம் திறந்து பேச வேண்டும். குழந்தைகள் அடுப்பருகே போகக் கூடாது என்று எழுதுகிறோம். காலையில் கட்டட வேலைக்கோ களையெடுக்கவோ போய், இருட்டின பிறகு வீடு திரும்பும் அம்மாக்களின் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பத்து வயது அக்காதான் தம்பிக்குச் சோறு சூடு பண்ணுகிறாள், முட்டை பொரித்துத் தருகிறாள். அது வேண்டாம் என்பது நம் ஆசை. நடப்பது அதுதான். அந்தப் பிள்ளைக்கு ‘தொடாதே’ என்ற பாடம் ஒன்றுக்கும் உதவாது. கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டும், வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் விழும் தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை முகத்துக்கு நேரே தூக்கி அடிக்கும். தட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி அடுப்பை அணைத்தால் தீ தானாக அடங்கும். அருகே போக முடியவில்லை என்றால் விட்டுவிட்டு ஓட வேண்டும். வீடு போனால் போகட்டும் என்று அவளிடம் சொல்லுங்கள். பொறுப்பான பிள்ளைகள்தான் அணைக்கிறேன் என்று நின்று வெந்துபோகிறார்கள்.

வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே போகக் கூடாது. புத்தகப் பை, பூனைக்குட்டி, செல்போன், எதற்காகவும் கூடாது. ரேஷன் கார்டை எடுக்கத் திரும்பிப் போய் வெந்துபோன பெரியவர்களையே நான் பார்த்திருக்கிறேன். வெளியே எல்லோரும் கூடும் இடம் ஒன்றை வீட்டார் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்: தெருக்குழாய், எதிர்வீட்டுத் திண்ணை, முனையிலிருக்கும் வேப்பமரம், எதுவானாலும் சரி.

101-ஐ எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. “எங்க வீட்ல தீ” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். எந்த வீடு? வகுப்பில் ஒரு பழைய போனை வைத்துக்கொண்டு நடித்துப் பார்க்கலாம்: ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் ரேஷன் கடை அல்லது கோயில், உள்ளே யாராவது இருக்கிறார்களா. எதிர்முனையில் இருப்பவர் வைக்கும்வரை நீ வைக்காதே. அம்மாவின் போன் பூட்டியிருந்தாலும் திரையில் ‘அவசர அழைப்பு’ என்று இருக்கும். அதை அழுத்தி 101 அல்லது 112 கூப்பிடலாம் என்பது பெரியவர்கள் பலருக்கே தெரிவதில்லை.

இனி காயம்பட்ட பிறகு நடப்பது. என் வேலை இதுதான் என்பதால் இதில் எனக்கு ஆதங்கம் அதிகம். எங்களிடம் வந்த சின்னஞ்சிறு பிள்ளைகளில் பாதிக்கு மேல் நெருப்பையே தொடாதவர்கள். வெந்நீர், பால், டீ, சாம்பார். சோற்றை வடித்துவிட்டுத் தரையில் வைத்த கஞ்சிச் சட்டிக்குள் தவழும் குழந்தை கையை விடும். கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் இறக்கி வைத்த சாம்பார் அண்டாவைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும். எப்படி வந்தாலும் காயத்தின் மேல் எதையாவது பூசிக்கொண்டுதான் வருவார்கள். பேனா மை, இட்லி மாவு, மஞ்சள், தேங்காய் எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலாக டூத்பேஸ்ட். காய்ந்து சுண்ணாம்புபோல் இறுகிப்போன பேஸ்ட்டை ஒரு மூன்று வயதுக் குழந்தையின் வெந்த தொடையிலிருந்து சுரண்டி எடுப்பது என்னவென்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். எடுக்காமல் காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவரால் பார்க்க முடியாது. வார்டில் அந்தப் புதினா வாசனை வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். பூசிவிட்ட பாட்டி வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருப்பார். அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வந்ததில்லை. அவருக்கு யாரும் வேறு ஒன்றைச் சொல்லித் தரவில்லை.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. குழாய்த் தண்ணீர், 20 நிமிஷம். ஐஸ் வேண்டாம். குழாயில் தண்ணீர் வராத ஊர்களில் குடத்திலிருந்து சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாலும் சரி. வளையல், மோதிரம், கொலுசு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும்; தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் மூடி, மருத்துவமனை; வண்டி இல்லை என்றால் 108. இருபது நிமிஷம் என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. ஒரு பீரியடில் பாதி என்றால் புரியும். முதல் இரண்டு நிமிஷத்திலேயே கை வலிக்கிறது, போதும் என்பார்கள். வகுப்பில் ஒரு முறை முழுசாகச் செய்து பார்த்தால் அது எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட பேரப்பிள்ளை பாட்டியின் கையிலிருந்து பேஸ்ட்டைப் பிடுங்கிவிடும்.

இவ்வளவுக்கும் தனிப் புத்தகம் வேண்டாம், தேர்வு வேண்டவே வேண்டாம். மதிப்பெண் போட்டால் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஜூலையில் ஒரு வாரம், நாளுக்கு ஒரு பீரியட். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் முன்பு தலா ஒரு முறை திருப்பிப் பார்த்தால் போதும். பாய், பழைய சேலை, ஒரு குடம் தண்ணீர், பேசாத பழைய போன். ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி தேவைப்படும். அதை அந்தந்த ஊர் தீயணைப்பு நிலையத்தாரே வட்டார வள மையத்தில் நடத்தலாம். தீயணைப்பானைப் பிடித்து அடிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் நேரம் போக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கைதட்டல் கிடைக்கும், ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அணைக்க வேண்டியதில்லை, தப்பிக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு தாள் போதும். ராத்திரியில் சாவி எங்கே, கேஸை மூடுவது எங்கே, வெளியே எங்கே கூடுவோம், கொசுவத்தி எங்கே வைக்கிறோம் என்று நான்கு கேள்வி. கீழே பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ஒரு வரி: ‘வீட்டில் தீப்பிடித்தாலோ காயம் பட்டாலோ என் பிள்ளை உடனே என்னிடம் சொல்லலாம், நான் அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன்.’ எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும். அந்த வரியை வாசிப்பதற்காகவாவது அந்தத் தாள் போய்ச் சேர வேண்டும்.

மலைக் கிராமங்களுக்கும், ஓராசிரியர் பள்ளிகளுக்கும், கூரை வீடுகள் நெருங்கி நிற்கும் குடியிருப்புகளுக்கும் இது முதலில் போகட்டும். அங்கே தீயணைப்பு வண்டி வந்துசேர நேரமாகும். முதல் சில நிமிஷம் பிள்ளை கையில்தான் இருக்கிறது. கடற்கரைக் குப்பங்களிலும் செங்கல் சூளைகளிலும் தங்கி வேலை செய்பவர்களின் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அவர்களில் பலர் வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், தமிழ் வாசிக்க வராது. தவழவும் உருளவும் பாஷை தேவையில்லை.

அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டி அச்சாகும் முன் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். ஜூலை மூன்றாவது வாரத்தில் அதற்கென்று ஒரு கட்டம் போடுங்கள். பயிற்சிக்கு ஆள் போதவில்லை என்றால் என்னைப்போல் ஓய்வுபெற்ற செவிலியர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவோம், சன்மானம் வேண்டாம். பஸ் வசதி இல்லாத ஊர் என்றால் மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், காலையில் கிளம்ப வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தீக்காயப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்